மலாவி மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதம், இந்த வயதில் போகலாமா?

செம்பவாங் ஒயர்மேன் கேட்கிறார்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நானும் வீட்டுக்காரியும் தெற்கு மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதம் போகலாமா என்று யோசிக்கிறோம். எங்கள் சபைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் ரொம்ப நாளாகத் தொடர்பு, வருடா வருடம் மிஷனரி ஞாயிறு வைத்துக் காணிக்கை அனுப்புவது வழக்கம். இந்தத் தடவை அங்கிருந்து வந்திருந்த டாக்டர் ஆராதனை முடிந்து பீஹூன் சாப்பிட்டுக்கொண்டே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார், ஷிப்யார்டில் எலக்ட்ரிஷியன் என்றேன், அவ்வளவுதான், தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். கடைசியில், பணம் அனுப்ப ஆள் இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்றார்.

எனக்கு 61, மனைவிக்கு 59. அவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் தேசிய சேவை முடித்து வேலைக்குப் போகிறான். அம்மா தம்பி வீட்டில் இருக்கிறார், போயிட்டு வாடா என்று அவரே சொல்கிறார். ஆனால் மனைவியின் தங்கை விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இங்கே வேலைக்கு வந்த நம்ம ஊர்த் தம்பிகள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஊழியம் செய்ய ஆள் இல்லை, உங்களுக்கு ஆப்பிரிக்கா கேட்குதா என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

தெரிய வேண்டியது: எந்த வழியாகப் போவது, ஆறு மாதமும் மலேரியா மாத்திரை சாப்பிட வேண்டுமா, மனைவியை அங்கே நர்ஸ் வேலை செய்ய விடுவார்களா, என்ன எடுத்துப் போவது, வீட்டை என்ன செய்வது. போனவர்கள் சொல்லுங்கள். அழைப்பு இருந்தால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அதைச் சபையில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.


நைட் ஷிப்ட் அக்கா:

அண்ணே, அண்ணி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும். அங்கே நர்ஸாக நோயாளியைத் தொட வேண்டுமானால் மலாவியின் நர்ஸ், மருத்துவச்சி கவுன்சிலில் பதிவு வேண்டும், தொண்டு, சம்பளம் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. டாக்டர்களுக்கும் அவர்களுடைய மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. நம்ம சிங்கப்பூர் நர்சிங் போர்டிடமிருந்து நற்சான்று அனுப்பச் சொல்வார்கள். அண்ணி ஓய்வு பெற்ற பிறகு பிராக்டிசிங் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதை முடிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். பதிவு இல்லாமல் வார்டில் நின்று நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் தலைவலி.

மலேரியா. ஆமாம், ஆறு மாதமும் மாத்திரைதான். தெற்கு மலாவியில் அது வருடம் முழுக்க உண்டு, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலத்தில் இன்னும் அதிகம். டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று, போவதற்கு ஓரிரண்டு நாள் முன்பே தொடங்கி, மலேரியா உள்ள இடத்தை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். விலை குறைவு, ஆனால் வெயில் பட்டால் தோல் எரியும், வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்சு கரிக்கும். மலரோன் என்றால் வந்த பிறகு ஏழு நாள் போதும், ஆனால் ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் பர்ஸ் தாங்காது. மெஃப்லோகுயின் வாரம் ஒன்றுதான், சிலருக்குக் கெட்ட கனவு, மனக்குழப்பம் வரும், மன அழுத்தம் இருந்தவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். எது ஒத்துக்கொள்ளும் என்பதை டான் டோக் செங் ஆஸ்பத்திரி மாதிரி பயணிகள் கிளினிக் உள்ள இடத்தில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள், பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னதை வைத்து வேண்டாம்.

நம்ம ஆட்களுக்குக் கொசு என்றாலே டெங்கி பரப்பும் ஏடிஸ், பகலில் கடிக்கும் என்று பழகிவிட்டது. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. அதனால் மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். அந்தக் கொசுவலைக்குள் ஒரு கொசு மாட்டிக்கொண்டால் அன்று ராத்திரி தூக்கம் அவ்வளவுதான், அது வேறு கதை.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. திரும்பி வந்த பிறகு, சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட, கிளினிக்கில் நுழைந்ததுமே ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே டெங்கி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அங்கே இருக்கும் மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஒரு நாள் தாமதம்கூட ஆளை அடித்துவிடும்.

ஏரியைப் பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். மலாவி ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும்தான், ஆனால் கரையோர நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியாப் புழு தோல் வழியாகவே உள்ளே போகும். இறங்கியே தீருவேன் என்றால், வந்த பிறகு பரிசோதனை செய்து மருந்து சாப்பிட்டுவிடுங்கள்.


ஜன்னலோர இருக்கை:

வழி இரண்டு. ஒன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஜோகன்னஸ்பர்க், பத்தரை பதினொரு மணி நேரம், இங்கே நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் அங்கே விடியற்காலையில் இறங்கலாம், நமக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கிருந்து தெற்கு மலாவியின் பெரிய நகரமான பிளாண்டயருக்குச் சின்ன விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று இத்தியோப்பியன், அடிஸ் அபாபாவில் மாறி பிளாண்டயர் அல்லது தலைநகர் லிலொங்வே. பல நேரம் இது மலிவாக இருக்கும், பெட்டி எடையும் தாராளமாகக் கொடுப்பார்கள், டிக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடிஸில் ஒரு சிக்கல். இத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மலாவியில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், திரும்பும்போது சிங்கப்பூரிலும் கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அட்டை செல்லும், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். உங்கள் வயதுக்கு அந்த ஊசியை முதல்முறையாகப் போடுவதற்கு டாக்டர் கொஞ்சம் யோசிப்பார், 60 தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். அதனால் அடிஸில் நின்று ஊர் பார்க்கும் ஆசை வேண்டாம், குறைந்த நேரத்தில் மாறும் விமானமாகப் பிடியுங்கள், இல்லையென்றால் ஜோகன்னஸ்பர்க் வழியாகவே போய்விடுங்கள். அந்தப் பக்கம் போனால் பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கட்டும், தென்னாப்பிரிக்காக்காரர்கள் அதில் கறார்.

விசா: சுற்றிப் பார்க்க வந்தேன் என்று இறங்கிவிட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்யக்கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். ஆஸ்பத்திரியே அவர்களுடைய குடிநுழைவுத் துறைக்கு எழுதி பெர்மிட் எடுக்க வேண்டும். அதைச் செய்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் தோழி ஒருவரை ஒரு அமைப்பு, வாங்க பார்த்துக்கலாம் என்று வாயாலேயே சொல்லி வேறொரு நாட்டுக்குக் கூட்டிப்போய், பிறகு மாதாமாதம் எல்லைக்கு அலைய விட்டார்கள்.

எடுத்துப் போவது. அடாப்டர் வேண்டாம், மலாவியில் நம்ம மூன்று சதுர முள் பிளக்தான், வோல்டேஜும் 230. தென்னாப்பிரிக்காவில்தான் தடித்த உருண்டை முள். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பு கறை இல்லாமல் கொண்டுபோங்கள், பழைய நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். அந்த ஊர்ப் பணமான குவாச்சாவை மொத்தமாக மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், 2023 நவம்பரில் ஒரே அடியாக 44 விழுக்காடு மதிப்பைக் குறைத்தார்கள். ஏர்டெல் அல்லது டிஎன்எம் சிம் வாங்கினால் கைப்பேசியிலேயே பணம் கட்டலாம். வண்டி இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஆனால் ராத்திரி ஓட்ட வேண்டாம், விளக்கில்லாத சைக்கிள், ஆடு, நின்றுபோன லாரி எல்லாம் ரோட்டில்தான் இருக்கும்.

குளிருக்கு ஜாக்கெட்! ஆப்பிரிக்கா என்றால் சுட்டெரிக்கும் என்று நினைத்துப் போனால் ஜூன், ஜூலையில் பிளாண்டயர், தியோலோ, முலாஞ்சி பக்கம் நடுங்கிவிடுவீர்கள். மேட்டு நிலம், அதிலும் சிப்பெரோனி என்று ஒரு சாரல் பனி வந்து நாள் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும், துவைத்த துணி காயவே காயாது.

சாப்பாடு பிரச்சினையே இல்லை. சோள மாவில் கிண்டும் ஸிமாதான் மதியமும் ராத்திரியும், நம்ம களி மாதிரி, கையால் உருட்டிக் கீரை, பீன்ஸ், மீனோடு சாப்பிடுவார்கள். அரிசி வேண்டுமென்றால் கிலொம்பெரோ என்று ஒரு ரகம் கேட்டு வாங்குங்கள், வாசனையாக இருக்கும். தயவுசெய்து இங்கிருந்து துவரம்பருப்பு சுமக்காதீர்கள், தெற்கு மலாவியில் துவரை வயல் வயலாக விளைகிறது, இந்தியாவே அங்கிருந்து இறக்குமதி செய்கிறது. லிம்பேயில் இந்திய வம்சாவளி வியாபாரிகளின் கடைகள் இருக்கின்றன. புளி, பெருங்காயம், நல்ல சாம்பார் பொடி, இவ்வளவு போதும், தேக்காவில் ஒரு நடை போனால் முடிந்தது.


தோபாயோ குறுக்குக்கேள்வி:

யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் சொல்லிவிடுகிறேன். மலாவியில் பெரும்பான்மை மக்கள் கிறிஸ்தவர்கள். சிங்கப்பூரில்தான் நாம் சிறுபான்மை. அங்கே ஞாயிறு காலையில் பாதைகளைப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போகிறவர்கள்தான். அப்படியிருக்க இங்கிருந்து மிஷனரி போகிறார் என்று சபையில் முன்னால் நிற்க வைத்துக் கைவைத்து ஜெபித்து அனுப்புகிறோமே, யாருக்கு எதைக் கொண்டுபோகிறோம்? இரண்டு விமான டிக்கெட், காப்பீடு, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்த பணத்துக்கு அந்த ஊர்க்காரர் ஒருவருக்கே எலக்ட்ரிக்கல் படிப்புக்குக் கட்டணம் கட்டலாமே. அவர் ஆறு மாதத்தில் திரும்பிப் போக மாட்டார்.

ஆப்பிரிக்கா போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் கதையை எல்லோரும் ஞாயிறு பள்ளியில் படித்தோம். அவரால் ஞானஸ்நானம் பெற்றவர் என்று சொல்லக்கூடியது அநேகமாக ஒரே ஒருவர், பக்வேனா தலைவர் செச்செலே, 1848இல். சில மாதத்திலேயே, விலக்கி வைத்த பழைய மனைவியோடு சேர்ந்தார் என்று லிவிங்ஸ்டன் அவரைச் சபையிலிருந்து தள்ளியும் வைத்தார். லிவிங்ஸ்டன் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார், செச்செலேதான் அங்கேயே இருந்து தன் ஜனத்துக்கு ஜெபம் நடத்திப் பிரசங்கம் செய்தவர். நாம் யார் படத்தைச் சுவரில் மாட்டினோம்?

அதற்கும் மேலே, அதே தெற்கு மலாவியில் ஜான் சிலெம்ப்வே என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1900இல் திரும்பி வந்து சிராட்சுலுவில் பள்ளிக்கூடமும் சபையும் கட்டினார். பக்கத்தில் மகொமெரோ தோட்டம், வாடகைக்குப் பதிலாகக் குடியானவர்களை வேலை வாங்கிய இடம், அது லிவிங்ஸ்டனின் மருமகன் வழிக் குடும்பத்தின் சொத்து. 1915 ஜனவரியில் சிலெம்ப்வே ஆட்கள் கிளர்ச்சி செய்தார்கள், அடுத்த மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவருடைய சபைக் கட்டடத்தை அரசாங்கமே வெடிவைத்துத் தகர்த்தது. இன்றைக்கு மலாவியின் குவாச்சா நோட்டில் இருப்பது அவர் முகம். தோட்டத்தில் ரப்பர் வெட்டிய பாட்டன் பூட்டன்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம், நமக்கு இது புரியாதா என்ன.

உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணே. போகிறவர் யாருடைய கையின் கீழ் வேலை செய்யப் போகிறார் என்பதுதான் என் கேள்வி.


பழைய பேப்பர்:

குறுக்குக்கேள்வி சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் மிஷனரி என்றதும் வெள்ளைக்காரர் முகம் மட்டும் ஏன் வர வேண்டும்? 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள், அதில் நம்மவர்கள் நிறைய. இன்றும் டர்பனில் தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் கோவெண்டர், பிள்ளை, நாயுடு, முதலியார்தான். அந்த ஜனங்களுக்காக 1903இல் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கு பாப்டிஸ்டுகள், தாங்களே ஏழைகள், தங்கள் சொந்தக் காசில் ஜான் ரங்கையா என்பவரைக் குடும்பத்தோடு கப்பல் ஏற்றினார்கள். வெள்ளைக்கார சொசைட்டி அனுப்பியதல்ல. திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1903தான், பாளையங்கோட்டையில். நம்ம ஆட்கள் நம்ம செலவில் போவது புது ஃபேஷன் இல்லை.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. லிவிங்ஸ்டன் முதலில் போக விரும்பியது சீனாவுக்கு. அபினிப் போர் வந்து வழி அடைபட்டது, அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மிஷனரி மொஃபாட் கண்ணில் பட்டார், திசை மாறியது. அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சொசைட்டிதான் 1819லேயே சிங்கப்பூரில் ஆள் வைத்திருந்தது, சீனா திறக்கும்வரை இங்கேயும் மலாக்காவிலும் காத்திருந்தார்கள். 1842க்குப் பிறகு துறைமுகங்கள் திறந்ததும் கிளம்பிப் போனார்கள், கீஸ்பெரி ஒருவர் மட்டும் போகாமல் மலாய்க்காரர்களோடேயே நின்றுவிட்டார், பிரின்செப் ஸ்ட்ரீட் சபை அவரிடமிருந்து வந்தது.

பயணம் என்று பார்த்தால், லிவிங்ஸ்டன் 1840 டிசம்பர் 8 கப்பலேறி, ரியோ டி ஜெனிரோவைச் சுற்றிக்கொண்டு, கேப் டவுன் போனது 1841 மார்ச்சில். அப்புறம் மாட்டு வண்டி. மொஃபாட்டின் மிஷன் இருந்த குருமான் போய்ச் சேர ஜூலை 31. நீங்கள் விமானத்தில் இரண்டு படம் பார்த்துத் தூங்கி எழுந்தால் இறங்கிவிடலாம், ஆனால் அவருக்கு வழியிலேயே மொழி பழக நேரம் கிடைத்தது, கப்பல் கேப்டனிடம் திசை பார்க்கக் கற்றுக்கொண்டார். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே அங்கே பேசும் சிச்சேவா மொழியைக் கொஞ்சம் பழகுங்கள். மோனி என்றால் வணக்கம், ஸிகோமோ என்றால் நன்றி. அங்கே யாரையும் நலம் விசாரிக்காமல் நேரே வேலைப் பேச்சை எடுத்தால் மரியாதைக் குறைவு, சிங்கப்பூர் அவசரத்தைச் சாங்கியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வீடு பற்றி யாரும் சொல்லவில்லையே. வீவக (எச்டிபி) அடுக்குமாடி வீட்டை முழுதாக வாடகைக்கு விடக் குடியுரிமை இருக்க வேண்டும், குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், முன் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வாடகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. பையன் வீட்டிலேயே இருக்கிறான் என்றால் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் நிம்மதி.


ஸ்பானர் செட்:

நான் இங்கே ஆஸ்பத்திரிக் கருவிகள் சர்வீஸ் பார்ப்பவன், அதை மட்டும் சொல்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தானமாகப் போகும் கருவிகளில் நிறைய, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும். கருவி மோசம் இல்லை. மின்சாரம் போய்ப் போய் வரும்போது வோல்டேஜ் எகிறி போர்டு போய்விடும், கையேடு ஜெர்மன் மொழியில் இருக்கும், ஒரு ஃபியூஸ் கிடைக்காது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் கம்ப்ரெஸர் சூடாகிவிடும், ஈரம் உள்ளே போனால் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் ஜியோலைட் துகள் கெட்டு ஆக்ஸிஜன் அளவு இறங்கும், ஆனால் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கும் எரியும், வெளியே வருவது வெறும் காற்று. அளவுமானி வைத்துப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. குழந்தைகள் வார்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு இதெல்லாம் பழகிய வேலைதான். ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் ஆள் நிச்சயம் ஒருவர் இருப்பார், அந்த ஜெனரேட்டரின் குணம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு உதவியாளாகப் போங்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகும் அவர் வாட்ஸாப்பில் படம் அனுப்பி இது என்ன எர்ரர் என்று கேட்கும்படி இருந்தால் டிக்கெட் காசு வீண் இல்லை என்று அர்த்தம்.


செம்பவாங் ஒயர்மேன்:

எல்லோருக்கும் நன்றி. குறுக்குக்கேள்வி தம்பி, கோபம் ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்டதையே கொஞ்சம் மரியாதையாக மாற்றி ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: நான் யார் கீழ் வேலை செய்வேன், என்ன வேலை, நான் வராவிட்டால் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று. நிர்வாகியிடமிருந்து நீளமாகப் பதில் வந்திருக்கிறது. பராமரிப்புப் பிரிவில் இரண்டு பேர், இருவரும் அந்த ஊர்க்காரர்கள், மூத்தவர் கீழ்தான் நான். 2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி அடித்தபோது தண்ணீர் புகுந்த கட்டடத்தின் வயரிங்கை இன்னும் முழுதாக மாற்றவில்லையாம், அதுதான் முதல் வேலை. பணம் மட்டும் என்றால் இளையவரை லிலொங்வேயில் படிக்க அனுப்புவோம், நீங்களும் வந்தால் அவர் படிக்கப் போகும் ஆறு மாதம் அவர் இடத்தில் ஆள் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே செய்யலாம் போலிருக்கிறது, சபை மூப்பர்களிடம் படிப்புக் கட்டணத்தைப் பேசப் போகிறேன். பெர்மிட்டையும் அவர்களே எடுக்கிறார்கள், எழுத்தில் வாங்கிவிட்டேன்.

மனைவியின் பிராக்டிசிங் சர்டிபிகேட் போன வருடமே காலாவதி. அவர் முகம் சுருங்கிப் போனது உண்மைதான், ஆனால் புதுப்பிக்க வேண்டியதை இப்போதே தொடங்கிவிட்டார். பதிவு வரும்வரை நான் மட்டும் முன்னால் போவதா, இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த வருடம் போவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. சேர்ந்து போவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன், ஸிமா கிண்டத் தெரியாது எனக்கு. கொழுந்தியாளுக்கும் பதில் சொல்லிவிட்டேன். லிட்டில் இந்தியாவுக்கு இந்த ஞாயிறே வருகிறேன், நீயும் வா என்றேன். பதிலே இல்லை.

ஸ்பானர் செட் தம்பி, அந்த ஆக்ஸிஜன் அளவுமானி சிங்கப்பூரில் எங்கே வாங்குவது, கையடக்கமானதே போதுமா? அதோடு 13 ஆம்ப் ஃபியூஸ் எத்தனை பெட்டி கொண்டுபோகலாம் என்று நினைக்கிறீர்கள்?


ஸ்பானர் செட்:

கையடக்கமானதே போதும் அண்ணே, அல்ட்ராசானிக் வகையாகப் பாருங்கள், சென்சார் மாற்றும் தொல்லை இருக்காது. ஃபியூஸ் 13 ஆம்ப் மட்டும் வாங்காதீர்கள், கருவிகளுக்குள் இருப்பதெல்லாம் சின்ன கண்ணாடி ஃபியூஸ்கள், எந்தெந்த அளவு என்று அந்த மூத்தவரிடம் முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் வந்ததும் சிம் லிம் டவருக்குச் சேர்ந்தே போகலாம், சனிக்கிழமை மதியம் எனக்குச் சரி.